டெலிபோட்டோ லென்ஸ்: விலை தூரத்துக்கா, வெளிச்சத்துக்கா?



பருப்பு, புளி, மிளகாய் விலை பேசுகிற நம் இதழில் கேமரா லென்ஸுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அண்மையில் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, மளிகை மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஓர் ஆலோசனை கேட்டார். கடையைப் பார்த்துக்கொள்ள மகன் தலையெடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் கேமராவும் கையுமாக ஏரிக்கரைகளுக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுக்கிறார். இப்போது உயர்ரக 600 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறார். விலை பல லட்சம். சரக்கின் பேரில் வங்கியில் வைத்திருக்கும் ஓவர்டிராஃப்ட் கணக்கில் இடம் இருக்கிறது. "அதிலிருந்து எடுத்து வாங்கிவிடட்டுமா?" என்பதுதான் கேள்வி.

முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் தனக்கென்று ஓர் ஆசை வைத்துக்கொள்வதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் சரக்கு தெரியாமல் விலை பேசக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடம். மிளகு வாங்கும்போது லிட்டர் எடை பார்க்கிறோம். ஏலக்காய் வாங்கும்போது பருமன் பார்க்கிறோம். லென்ஸுக்கும் அப்படிப் பார்க்க வேண்டிய அளவுகள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால், ஒரே தூரத்தைக் காட்டும் இரண்டு லென்ஸ்களில் ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு விலை விற்பது ஏன் என்பது புரியும். எது நமக்குத் தேவை என்பதும் தெளிவாகும்.

லென்ஸில் உள்ள இரண்டு எண்கள்

தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் டெலிபோட்டோ லென்ஸ். இதில் இரண்டு வகை. முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளக் கூடியது ஜூம். ஒரே அளவில் நிலைத்து நிற்பது பிரைம். பிரைம் லென்ஸை ஒரே ஒரு வேலைக்காகச் செதுக்குவதால் தெளிவு, வேகம் இரண்டிலும் அது முந்தி நிற்கும் என்பது பொது விதி.

லென்ஸின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குவியத் தூரம்: 300, 400, 600, 800 மி.மீ. என்று வரும். இது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. 600 மி.மீ. லென்ஸில், சாதாரண 50 மி.மீ. லென்ஸில் தெரிவதைப்போல 12 மடங்கு பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது எண் எஃப் எண்: 2.8, 4, 5.6, 6.3 என்று வரும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். 600ஐ 4ஆல் வகுத்தால் 150 மி.மீ.; ஒரு சிறிய பலகாரத் தட்டின் அகலம். 600ஐ 6.3ஆல் வகுத்தால் சுமார் 95 மி.மீ.; காபி டபராவின் வாய் அளவு. எஃப் எண் சிறியதாக இருந்தால் வாசல் பெரிது.

முற்றத்தில் மழை பெய்யும்போது அண்டாவையும் டபராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே நேரத்தில் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வாய் அகன்றதில்தான். வெளிச்சமும் அப்படியே. பரப்பளவுக் கணக்குப் போட்டால், 150 மி.மீ. வாசல் 95 மி.மீ. வாசலைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்குகிறது.

விலை ஏறும் இடம்

தூரம் மட்டும் வேண்டுமென்றால் அதிகச் செலவில்லை. 2020இல் கேனன் நிறுவனம் 600 மி.மீ. எஃப் 11 லென்ஸை அமெரிக்காவில் 699 டாலருக்கு விட்டது. எடை 930 கிராம். அதே ஆண்டில் 800 மி.மீ. எஃப் 11 லென்ஸை 899 டாலருக்கு விட்டது. அதே நிறுவனம் 2018இல் அறிவித்த 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் விலை 12,999 டாலர். இரண்டும் 600தான், ஒரு பறவை இரண்டிலும் ஒரே அளவில்தான் தெரியும். விலையில் மட்டும் பதினெட்டு மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசம் தூரத்துக்கு அல்ல, வெளிச்சத்துக்கு. வாசல் அகல அகல, முன்னால் வைக்கும் கண்ணாடி பெரிதாக வேண்டும். கண்ணாடி பெரிதானால் குறைகளும் பெரிதாகத் தெரியும். முக்கியமான குறை நிறப் பிரிவு. வெவ்வேறு நிறக் கதிர்களைக் கண்ணாடி வெவ்வேறு இடத்தில் குவிப்பதால், வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு படியும். இதைத் திருத்த, நிறங்களை அதிகம் பிரிக்காத விசேஷக் கண்ணாடி வேண்டும். அதில் சிறந்தது ஃபுளோரைட், அதாவது கால்சியம் ஃபுளோரைடு படிகம். இயற்கையில் பெரிய, குற்றமில்லாத கட்டியாக அது கிடைப்பது அரிது. ஆகவே உலையில் செயற்கையாக மெல்ல மெல்ல வளர்த்தெடுக்கிறார்கள். சாதாரண வாடிக்கையாளருக்கான கேமரா லென்ஸில் இதை முதலில் பயன்படுத்தியது கேனன், ஆண்டு 1969. படிகம் பெரிதாகப் பெரிதாக, வளர்க்கும் காலமும் கழிவும் கூடும். வைரத்தில் காரட் கூடும்போது விலை எப்படித் தாண்டிப் போகிறதோ, அப்படித்தான் இதுவும்.

இந்தப் போட்டியின் எல்லையைக் காட்ட ஒரு உதாரணம். 1993இல் கேனன் 1200 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் ஒன்றை ஆர்டரின் பேரில் மட்டும் செய்து கொடுத்தது. எடை 16.5 கிலோ. நம் கடையில் நிற்கும் 15 கிலோ எண்ணெய் டின்னைவிடக் கனம்! உலகத்தில் இருப்பவை மிகச் சில.

ஒரு சிறு குறிப்பு: வெள்ளை நிற லென்ஸ் என்றால் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வெயிலில் சூடேறாமல் இருப்பதற்காகவே கேனன் வெள்ளை பூசுகிறது. நிக்கான் நிறுவனத்தின் உயர்ந்த லென்ஸ்கள் கறுப்பு. நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்வது, பாலீஷைப் பார்த்துத் துவரம்பருப்பு வாங்குவது போன்றது.

அன்று தேவை, இன்று?

ஃபிலிம் காலத்தில் பெரிய வாசல் ஆடம்பரம் அல்ல, அவசியம். அப்போது நல்ல வண்ணப் ஃபிலிமின் வேகம் 100 முதல் 400 வரை. காலை வெளிச்சத்தில் பறக்கும் பறவையை அசைவில்லாமல் பிடிக்க எஃப் 2.8 அல்லது எஃப் 4 இல்லாவிட்டால் முடியாது. மேலும், அந்தக் கால எஸ்.எல்.ஆர். கேமராக்களின் தானியங்கி ஃபோகஸ் எஃப் 5.6க்கு அப்பால் பெரும்பாலும் வேலை செய்யாது. மிக உயர்ந்த கேமராக்களில் மட்டும் எஃப் 8 வரை போகும்.

இன்று இரண்டும் மாறிவிட்டன. டிஜிட்டல் கேமராவில் ஐ.எஸ்.ஓ. 6400, 8000 வைத்தும் பயன்படுத்தத் தக்க படம் வருகிறது. மீதிப் புள்ளிகளைக் கணினி மென்பொருள் துடைத்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் எஃப் 11 லென்ஸிலும் ஃபோகஸ் செய்கின்றன. அதனால்தான் எஃப் 4.5, எஃப் 6.3 அளவில் உயர்தர பிரைம் லென்ஸ்கள் வரத் தொடங்கின. பழைய அனுபவசாலி சொல்லும் "எஃப் 4க்குக் குறைந்து வாங்காதே" என்ற வாக்கு, அந்தக் காலத்துக்குச் சரியான வாக்கு. இன்றைக்கு அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

எடையைக் குறைத்த கலங்கரை விளக்கம்

இன்னொரு முன்னேற்றமும் உண்டு. 1820களில் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கலங்கரை விளக்கத்துக்குக் கனமான முழுக் கண்ணாடிக்குப் பதிலாக வளையம் வளையமாக வெட்டிய மெல்லிய கண்ணாடியைப் போதுமானதாகச் செய்து காட்டினார். அந்த வழியில் வந்த நுண்வளையக் கண்ணாடியைக் கேனன் 2001இல் தன் 400 மி.மீ. எஃப் 4 லென்ஸில் வைத்தது. நிக்கான் 2015இல் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸில் வைத்தது. பழைய நிக்கான் 300 எஃப் 4 சுமார் 1,440 கிராம். புதியது 755 கிராம், பாதிக்குப் பாதி. இதில் ஒரு குறை: சூரியன் அல்லது பலமான விளக்கு நேர் எதிரே இருந்தால், அதைச் சுற்றி வளைய ஒளி தோன்றக்கூடும். காலைச் சூரியனுக்கு எதிராகப் படம் எடுப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பட்டியல்

சில முக்கியமான பிரைம் லென்ஸ்களை இங்கே தருகிறோம். விலை அமெரிக்காவில் அறிமுகமானபோது சொல்லப்பட்டது. இங்கே சுங்கத் தீர்வையும் ஜி.எஸ்.டி.யும் செலாவணி ஏற்ற இறக்கமும் சேரும். ஆகவே ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துக.

நிக்கான் 400 எஃப் 4.5 (2022): 1,245 கிராம், 3,250 டாலர்.
நிக்கான் 600 எஃப் 6.3 (2023): 1,470 கிராம், 4,800 டாலர்.
நிக்கான் 800 எஃப் 6.3 (2022): 2,385 கிராம், 6,500 டாலர்.
சோனி 300 எஃப் 2.8 (2023): 1,470 கிராம், 6,000 டாலர்.
சோனி 400 எஃப் 2.8 (2018): 2,895 கிராம், 12,000 டாலர்.
சோனி 600 எஃப் 4 (2019): 3,040 கிராம், 13,000 டாலர்.
கேனன் 600 எஃப் 4, மூன்றாம் மாடல் (2018): 3,050 கிராம், 13,000 டாலர்.
நிக்கான் 400 எஃப் 2.8, உள்கன்வெர்ட்டருடன் (2022): 2,950 கிராம், 14,000 டாலர்.
நிக்கான் 600 எஃப் 4, உள்கன்வெர்ட்டருடன் (2022): 3,260 கிராம், 15,500 டாலர்.

பட்டியலைப் பார்த்தால் இரண்டு வரிசை தெளிவாகத் தெரியும். 3,000 முதல் 6,500 டாலர் வரை ஒரு வரிசை. 12,000 டாலருக்கு மேல் ஒரு வரிசை. மேல் வரிசையில் மூன்று நிறுவனங்களுக்குள் படத் தெளிவில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. மூன்றும் முதல் தரமே. அங்கே எதை வாங்குவது என்பதை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கேமரா எந்த நிறுவனத்துடையது என்பதே முடிவு செய்யும். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் இன்னொன்றின் கேமராவில் நேராகப் பொருந்தாது. ஆகவே "கேனனா, நிக்கானா, சோனியா?" என்ற வாதத்தில் நேரத்தைப் போக்க வேண்டாம். மேல் வரிசையா, கீழ் வரிசையா என்பதுதான் உண்மையான கேள்வி.

நேருக்கு நேர்

ஒரே நிறுவனத்தின் மூன்று 600களை எடுத்துக்கொள்வோம். நிக்கான் 600 எஃப் 4. அதே நிக்கான் 600 எஃப் 6.3, 2023இல் 1,700 டாலருக்கு வந்த நிக்கான் 180-600 ஜூம். இந்த ஜூமும் 600இல் எஃப் 6.3தான்.

முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால், விலை 3.2 மடங்கு, எடை 2.2 மடங்கு, வெளிச்சம் 2.5 மடங்கு. அதாவது கொடுக்கும் பணத்தின் அளவுக்கு வெளிச்சம் கூடவில்லை. அந்த இரண்டரை மடங்கு வெளிச்சம் நடைமுறையில் என்ன தருகிறது? எஃப் 4இல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து எடுக்கும் படத்தை, எஃப் 6.3இல் நானூறில் ஒரு பங்கு நேரம் திறந்து எடுக்க வேண்டும். அல்லது ஐ.எஸ்.ஓ. 3200 போதும் என்ற இடத்தில் 8000 வைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நாரைக்கு இது பொருட்டே அல்ல. விடியலில் பறக்கும் பறவைக்கும், மரநிழலில் ஓடும் மிருகத்துக்கும் இது உயிரான வித்தியாசம். அத்துடன், எஃப் 4இல் பறவையின் பின்னால் உள்ள புதர் மேலும் மென்மையாகக் கரைந்து போகும். உள்ளே உள்ள 1.4 மடங்கு கன்வெர்ட்டரைத் தட்டினால் 840 மி.மீ. எஃப் 5.6 ஆகிவிடும். இவை மறுக்க முடியாத நன்மைகள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால் இன்னும் சுவாரசியம். தூரம் ஒன்று, வெளிச்சமும் ஒன்று. பிரைம் லென்ஸுக்கு 3,100 டாலர் அதிகம். அதற்குக் கிடைப்பது சுமார் 670 கிராம் எடைக் குறைவு, விரைவான ஃபோகஸ், ஓரளவு கூடுதல் தெளிவு. ஜூமுக்கோ, பறவை திடீரென்று கிட்டே வந்தால் 180க்கு இறங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. தொடக்கக்காரர் நேராக பிரைம் லென்ஸுக்குப் போவதைவிட, இந்த ஜூமில் ஒரு பருவம் பழகுவதே முறை. ஒரு வருடப் படங்களைப் புரட்டிப் பார்த்தால், தாம் எந்த அளவில் அதிகம் எடுக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்துவிடும். பத்தில் ஒன்பது படம் 600இல் என்றால், பிரைம் வாங்க நியாயம் உண்டு.

400 எஃப் 2.8, 300 எஃப் 2.8 ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றுடன் கன்வெர்ட்டர் என்னும் சிறு துணை லென்ஸ் சேர்த்துத் தூரத்தைக் கூட்டலாம். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் வெளிச்சத்தைப் பாதியாக்கும். 2 மடங்கு கன்வெர்ட்டர் கால் பங்காக்கும். சோனி 300 எஃப் 2.8, 2 மடங்கு கன்வெர்ட்டருடன் 600 எஃப் 5.6 ஆகிறது. மாலையில் மானுக்கு 300, காலையில் பறவைக்கு 600 என்று ஒரே பையில் இரண்டு வேலை. ஆனால் கன்வெர்ட்டர் போட்டால் தெளிவிலும் ஃபோகஸ் வேகத்திலும் கொஞ்சம் இழப்பு உண்டு. எப்போதும் 600 தேவைப்படுபவர் கன்வெர்ட்டரை நிரந்தரமாக மாட்டி வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

அரிசிப் பைச் சோதனை

எடையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஆசை கண்ணை மறைக்கும். நிக்கான் 600 எஃப் 4 லென்ஸும் இசட் 9 கேமராவும் சேர்ந்து 4.6 கிலோ. முக்காலியும் அதன் தலையும் தனி. கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்து, கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு நிமிடம் ஆடாமல் பிடித்து நில்லுங்கள். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வாருங்கள். 600 எஃப் 6.3 லென்ஸும் இசட் 8 கேமராவும் சேர்ந்தால் 2.4 கிலோதான், ஏறக்குறைய பாதி. ஐம்பது வயதைத் தாண்டிய, மூட்டைகளோடு வாழ்ந்து முதுகு தேய்ந்த நம்மில் பலருக்கு இந்தச் சோதனையே பதில் சொல்லிவிடும். வீட்டில் இருக்கும் பெரிய லென்ஸைவிடக் கையில் இருக்கும் சிறிய லென்ஸ் மேல்.

எங்கே எடுக்கப் போகிறீர்கள்?

பட்டியலைவிட முக்கியம் இடம். வேடந்தாங்கலில் பருவத்தில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் ஏரிக்குள் மரங்களில் அமர்ந்திருக்கும். பெரிய பறவைகள், திறந்த வெளி, நல்ல வெளிச்சம். இங்கே எஃப் 6.3 தாராளமாகப் போதும். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம் ஆழமில்லாத நீரில் வெகு தூரத்தில் நிற்கும். அங்கே வெளிச்சம் அல்ல, தூரமே குறை, 800 மி.மீ. கைகொடுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், மேகமும் மரநிழலும் சேர்ந்த இடத்தில்தான் எஃப் 2.8, எஃப் 4 தம் விலைக்கு நியாயம் செய்யும்.

எந்த லென்ஸாலும் வெல்ல முடியாதது ஒன்று உண்டு: கானல். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தரை சூடேறி, நீர்ப்பரப்புக்கு மேல் காற்று நடுங்கத் தொடங்கும். அப்போது தூரப் படம் எடுத்தால் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல் குழம்பி வரும். அது லென்ஸின் குற்றம் அல்ல. லென்ஸ் பெரிதாகப் பெரிதாக, அந்த நடுக்கமும் பெரிதாகத் தெரியும். இதை அறியாமல் லென்ஸை மாற்றியவர்களும் உண்டு.

கிட்டே போவதன் மதிப்பையும் கணக்கில் காட்டுவோம். 28 செ.மீ. நீளமுள்ள வெண்மார்பு மீன்கொத்தி 20 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 600 மி.மீ. லென்ஸில் அதன் உருவம் 8.4 மி.மீ. விழும். 400 மி.மீ. லென்ஸில் 5.6 மி.மீ. விழும். ஆனால் 400 வைத்திருப்பவர் பொறுமையாக அமர்ந்து, பறவை தானாகவே 13 மீட்டருக்குள் வந்து உட்காரும்வரை காத்திருந்தால், அவருக்கும் ஏறக்குறைய அதே 8.4 மி.மீ. கிடைத்துவிடும். அந்த ஏழு மீட்டர் பொறுமைக்குப் பல லட்சம் மதிப்பு. கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கித் தொல்லை தருவதை நாம் சொல்லவில்லை. அது கூடவே கூடாது.

பேரேட்டில் எழுத வேண்டியவை

இனி நம் பாஷையில் பேசுவோம். கணக்குக்காக, ஒரு லென்ஸ் 12 லட்சம் ரூபாய் என்றும், ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். வருட வட்டி 1,44,000 ரூபாய், மாதம் 12,000. வருடத்தில் 30 ஞாயிறு படம் எடுக்கப் போனால், ஒவ்வொரு முறைக்கும் வட்டி மட்டும் 4,800 ரூபாய். நாலரை லட்ச ரூபாய் லென்ஸுக்கு அதே கணக்கில் 1,800. தேய்மானம் தனி. இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பொங்கல், தீபாவளிக் கொள்முதலுக்கு ரொக்கம் தேவைப்படும் வாரத்தில் அந்தப் பன்னிரண்டு லட்சமும் கண்ணாடியாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும். மில்காரர் ரொக்கத்துக்குத் தரும் சலுகை கை நழுவும். சரக்குக்கான பணத்தில் லென்ஸ் வாங்கக் கூடாது என்பதே நம் திடமான கருத்து. வாங்குவதானால், வீட்டுச் சேமிப்பிலிருந்து, கடைக்குத் தேவைப்படாத பணத்தில் வாங்குக.

கடை பேரில் பில் போட்டு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். காதில் வாங்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு வரிக் கழிவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மளிகைக் கடைக்கு 600 மி.மீ. லென்ஸ் எதற்கு என்று அதிகாரி கேட்டால், நம்மிடம் பதில் இல்லை. வட்டியும் அபராதமும்தான் மிஞ்சும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வாங்கினால் மலிவு என்பதும் பாதி உண்மை. அனுமதித்த வரம்புக்கு மேல் தீர்வை கட்ட வேண்டும். இந்திய உத்தரவாதம் அந்த லென்ஸுக்குச் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்க.

பழைய லென்ஸ் நல்ல வழி. எஸ்.எல்.ஆர். காலத்து 300 எஃப் 2.8, 500 எஃப் 4 போன்றவை, சொந்தக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதால் விற்பனைக்கு வருகின்றன. கேனன், நிக்கான் இரண்டும் தத்தம் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட இணைப்பு வளையம் தருகின்றன. வாங்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று: டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பூசணம் இருக்கிறதா என்று பார்க்கவும், சிலந்தி வலை போல் தெரியும். இரண்டு: ஃபோகஸ் மோட்டாரும் அதிர்வு தடுப்பும் ஓடுகின்றனவா என்று பார்க்கவும். மூன்று: அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் விசாரிக்கவும். உதிரி நின்றுபோன லென்ஸில் மோட்டார் போனால், அது காகிதத்தின் மேல் வைக்கும் கனம்தான்.

வாடகை வழியும் உண்டு. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் பெரிய லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். வருடத்தில் இரண்டு முறை காட்டுக்குப் போகிறவர், அந்த நாட்களுக்கு மட்டும் எஃப் 4 வாடகைக்கு எடுத்தால் போதும். வருட வட்டியோடு வருட வாடகையை ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குவதென்று முடிவு செய்தவரும், முதலில் ஒருமுறை வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பு: பருப்பில் வண்டு விழுவது போல லென்ஸில் பூசணம் பிடிக்கும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் கவனம் தேவை. பீரோவில் துணியோடு வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உத்தமம். கடைக் காப்பீடு, வெளியே எடுத்துப்போகும் லென்ஸுக்குச் செல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஏஜெண்டிடம் கேட்டுத் தனியே எடுத்துக்கொள்க.

முடிவாக

நாம் சொல்ல வந்தது இதுதான். உயர்ரக டெலிபோட்டோ லென்ஸில் பெரும்பகுதி விலை, வெளிச்சத்துக்கும் எடைக் குறைப்புக்கும் போகிறது, தூரத்துக்கு அல்ல. மங்கிய வெளிச்சத்தில், அசையும் உயிரை, வாரா வாரம் எடுப்பவருக்கும், படத்தை விற்றுச் சம்பாதிப்பவருக்கும் எஃப் 2.8, எஃப் 4 தகும். காலை வெயிலில் ஏரிக்கரையில் எடுப்பவருக்கு எஃப் 4.5, எஃப் 6.3 வரிசையே போதும். முதுகும் பிழைக்கும், முதலும் பிழைக்கும். இப்போதுதான் தொடங்குகிறவருக்கு நல்ல ஜூமே குரு.

நம்மிடம் ஆலோசனை கேட்ட உறுப்பினருக்கு இவ்வளவையும் எழுதிக் காட்டினோம். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, உள்ளே போய் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்து வந்து கண்ணுக்கு நேராகத் தூக்கினார். அரை நிமிடம் ஆனதும் இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். ஓவர்டிராஃப்ட் கணக்கை அவர் தொடவில்லை. தீபாவளிக் கொள்முதல் முடிந்து, கையில் மிஞ்சுவதைப் பார்த்துச் சின்ன 600ஐ வாங்கப் போவதாகச் சொல்கிறார். அதுவரை கையில் இருக்கும் ஜூமோடு ஏரிக்கரையில் காத்திருப்பதாகவும் சொன்னார். காத்திருக்கத் தெரிந்தவருக்குப் பறவையும் வரும். நல்ல விலையும் வரும்.